கரோக்கேயில் பெண்கள் பாட எந்த ஜப்பானியப் பாட்டு சுலபம்?

கேள்வி: டோக்கியோவில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் வரவேற்பு விருந்து, அதற்கப்புறம் கரோக்கேயாம். பாட்டுப் பயிற்சி கிடையாது, ஜப்பானிய மொழியும் அரைகுறை. பெண்கள் பாடுவதற்குச் சுலபமான ஜப்பானியப் பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

தினமும் கேட்கிற பாட்டு என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். பாடப் போய் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். விருந்து முடிந்து ‘நிஜிகாய்’, அதாவது இரண்டாம் சுற்று. சின்ன அறைக்குள் எட்டுப் பேர். ரயிலில் தினமும் கேட்கிற தைரியத்தில் யோஅசோபி குழுவின் ‘யோரு நி காகேரு’ பாட்டைப் போட்டேன். அதற்கு இசையமைத்தவர் வோக்கலாய்டு என்ற கணினிக் குரலை வைத்துப் பாட்டு செய்து பழகியவர். கணினிக்கு மூச்சு வாங்காது. எனக்கு வாங்கியது. இரண்டாம் சரணத்தில் திரையில் நிறம் மாறிக்கொண்டே ஓடும் எழுத்துகள் ஒரு வரி முன்னால் போய்விட்டன. சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைக்காரப் பையன் பானத் தட்டோடு கதவைத் திறந்தான். நான் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்க, பக்கத்து இருக்கைப் பெண் மட்டும் விடாமல் டாம்பரின் என்ற சின்னக் கைமேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் கடைசியில் சுருதி வேறு மாறும். அதைச் சொல்லவே வேண்டாம்.

அன்றைக்குப் புரிந்ததுதான் என் அளவுகோல்: எழுத்துக்கு ஒரு சுரம் என்று நடக்கிற பாட்டாகப் பாருங்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய மொழியிலும் குறில் நெடில் உண்டு. ‘ஒபசன்’ என்றால் அத்தை, சித்தி. ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. நாம் மாத்திரை எண்ணுவது போலவே அவர்களும் எண்ணுகிறார்கள். ஒரே வித்தியாசம், நமக்கு ஒற்றெழுத்து அரை மாத்திரை, அவர்களுடைய ‘ன்’ ஒரு முழு மாத்திரை. பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுரம், அந்த ‘ன்’ உட்பட. நிதானமாகப் படித்துக்கொண்டே போகலாம். புதுப் பாட்டுகளில் ஒரு சுரத்துக்குள் இரண்டு மூன்று எழுத்தைத் திணித்துவிடுகிறார்கள். நாக்கு புரளாது. ‘கஞ்சி’ என்ற சீன வழி எழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், திரையில் அதன் தலைமேல் ‘ஹிரகானா’ என்ற ஒலியெழுத்தில் உச்சரிப்பு வரும். ஹிரகானா 46 எழுத்துதான், ஒரு வாரத்தில் தேற்றிவிடலாம்.

சரி, பாட்டுகள். முதலில் 1961-இல் கியூ சகமோதோ பாடிய ‘உயே ஓ முயிதே அருகோ’. அமெரிக்காவில் ‘சுகியாகி’ என்ற சம்பந்தமே இல்லாத பெயரில் வெளியாகி, 1963-இல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. ஆண் பாடியதாயிற்றே என்று தயங்க வேண்டாம், சுருதியை மாற்றிக்கொள்ளலாம். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது பெரிய நிம்மதி. நடுவில் விசில் வரும் இடத்தை அறையே சேர்ந்து அடிக்கும், அதற்குள் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பழைய பாட்டுகள் பலவற்றுக்கு அடிப்படை ‘யோனா நுகி’ என்ற சுர வரிசை, நான்காவது சுரமும் ஏழாவது சுரமும் நீக்கியது. ம, நி போனால் மிச்சம் ச ரி க ப த. அதாவது நம் மோகனம்! காது தானாகவே வழி கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது கிரோரோவின் ‘மிராய் ஏ’, 1998. ஒகினாவாவைச் சேர்ந்த இரண்டு பெண்கள், அதில் ஒருவர் தன் அம்மாவை நினைத்து எழுதியது. மெதுவாக, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக வரும். உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதே மெட்டில் சீன மொழியில் ஒரு புகழ்பெற்ற பாட்டு இருக்கிறது. போன வருடம் நான் இதைப் பாடியபோது சீனத் தோழி சடாரென்று இரண்டாவது மைக்கை எடுத்துத் தன் மொழியில் சேர்ந்துகொண்டார். அன்றைக்கு என் குரல் வெளியே கேட்கவே இல்லை, அதனால் நன்றாக இருந்தது என்றார்கள்.

மேலாளர் வயதில் ஆட்கள் இருந்தால் தெரசா தெங்கின் ‘தோகி நோ நகரே நி மி ஓ மகாசே’ (1986). அவர் தைவான்காரர், ஜப்பானியம் அவருக்கும் தாய்மொழி இல்லை. கத்த வேண்டிய இடமே கிடையாது, காதோடு பேசுவது போலப் பாடினால் போதும். ஆனால் பொருள் உருகி உருகிக் காதல். மேலாளரைப் பார்த்துக்கொண்டு பாடாமல் திரையைப் பாருங்கள். தனியாகப் பாட நடுக்கமாக இருந்தால் தோழியை இழுத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் பாடும் பஃபி குழுவின் ‘அஜியா நோ ஜுன்ஷின்’ (1996). கொஞ்சம் வேகம்தான், ஆனால் இருவரும் ஒரே சுரத்தில் பாடுவதால் ஒருத்தி விட்டதை இன்னொருத்தி பிடிப்பாள். பெய்ஜிங், பெர்லின் என்று ஊர்ப் பெயர்களோடு தொடங்கும், அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஹிதோதோ யோவின் ‘ஹனமிஸுகி’யையும் (2004) பலர் சுலபம் என்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டாம் முறை போகும்போது பாடுங்கள்.

பாட்டின் உச்சப் பகுதியை அங்கே ‘சபி’ என்பார்கள். சில பாட்டுகளில் அது நம் மொழிப் பொருளிலேயே சபித்துவிடும். ஆரம்பம் தாழ்ந்த குரலில் சுகமாகப் போகும், சபி வந்ததும் தொண்டை கிழியும். அதனால் பாட்டைத் தொடக்கத்திலிருந்து பழகாதீர்கள், சபியை முதலில் பாடிப் பாருங்கள். கடைசி சபியையும் தனியாகக் கேளுங்கள், பல பாட்டுகளில் அங்கே அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏற்றிவிடுவார்கள். எட்டவில்லையா? பாட்டைத் தேடும் அந்தத் தொடுதிரைப் பலகையிலேயே சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும். என்னுடையது கட்டைக் குரல், பெண்கள் பாட்டு என்றால் கூச்சமே இல்லாமல் மூன்று தடவை அழுத்திவிடுவேன். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு மாற்றினால் தடுமாறும், பலகையிலிருந்து பாட்டை அனுப்பும்போதே மாற்றிவிடுங்கள். மதிப்பெண் போடும் வசதியை யாராவது போட்டிருந்தால் சிரித்துக்கொண்டே அணைக்கச் சொல்லுங்கள்.

விருந்துக்கு முன்னால் ஒரு வார நாள் பகலில் தனியாகப் போய்ப் பாடிப் பாருங்கள். ‘ஹிதோகரா’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது, யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள், பகலில் கட்டணமும் குறைவு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பாட்டின் சுருதியை முடிவு செய்து போனில் குறித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஒன்று. மூன்றாவது நான்காவது ஆளாகப் பாடி முடித்துவிடுங்கள். அறைக்கு எடுத்த நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அதைச் சொல்லச் சுவரில் மாட்டியிருக்கும் போன் அடிக்கும். அப்போது, ‘நீங்கள் இன்னும் பாடவில்லையே!’ என்று எல்லாரும் உங்கள் பக்கம்தான் திரும்புவார்கள்.