தோடம்பழப் படம் போட்ட போத்தல் எல்லாம் ஒன்றல்ல

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மைத்துனர் ஒரு போத்தல் குவாந்த்ரோ தந்துவிட்டுப் போனார். வீட்டில் ஏற்கெனவே புளூ குராசோ பாதிப் போத்தல் கிடக்கிறது. இரண்டும் தோடம்பழ லிக்கர்தானே? இந்த நத்தார் கேக்குக்கு நீலத்தை ஊற்றி முடித்துவிட்டு, மற்றதைப் பிறகு உடைக்கலாம் என்று நினைக்கிறேன். பேருக்குத்தானே இவ்வளவு விலை?
- வாசகி, குருநகர்

பதில்: ஊற்றாதீர்கள். பேருக்காக மட்டும் கூடிய விலை அல்ல அது. கேக்குக்குப் போகவேண்டியது மைத்துனர் தந்த போத்தல்தான்.

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம். லிக்கர் என்றால் சாராயம், விஸ்கி, பிராண்டி எல்லாம் அடங்கும். உங்களிடம் இருப்பவை லிக்கூர்: மதுசாரத்தில் மணமும் சீனியும் சேர்த்தது. ஐரோப்பிய விதிப்படி லிக்கூர் என்று பெயர் போட, பொதுவாக லீற்றருக்குக் குறைந்தது 100 கிராம் சீனியும் 15 வீத மதுசாரமும் இருக்கவேண்டும். இது அடிமட்டம் மட்டுமே. 15 வீதத்துக்கும் 40 வீதத்துக்கும் நடுவில் எதையும் விற்கலாம். உங்கள் குழப்பம் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

தோடம்பழத்தின் வாசம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. ஒரு துண்டுத் தோலை மெழுகுதிரிச் சுடருக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிப்புறம் சுடரைப் பார்க்க மடித்து நசுக்கிப் பாருங்கள். பொறிபொறியாய்ப் பற்றும். அது தோலுக்குள் இருக்கும் எண்ணெய். அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையும். மதுசாரம் கூடக்கூட அது தாங்கும் எண்ணெயும் கூடும். ஆகவே 40 வீதப் போத்தல் நிறையத் தோல் எண்ணெயைச் சுமக்கமுடியும். 20 வீதத்தில் அந்த அளவைப் போட்டால் கலங்கிப் பிரிந்துவிடும். அதனால் மலிவானவற்றில் எண்ணெயைக் குறைத்து, சீனியையும் செயற்கை மணத்தையும் கொண்டு நிரப்பிவிடுகிறார்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் சின்னக் கிளாஸில் 30 மி.லீ. குவாந்த்ரோ விட்டு இரண்டு ஐஸ்கட்டி போடுங்கள். மெல்ல ஆட்டிக்கொண்டு ஓரிரு நிமிடம் பொறுத்தால், தண்ணீர் போலத் தெளிந்திருந்தது ஐஸைச் சுற்றி வெள்ளை இழையாகத் தொடங்கி, பிறகு முழுவதும் கஞ்சித் தெளிவு மாதிரி மங்கும். குளிரும் ஐஸ் கரைந்த நீரும் சேர, மதுசாரத்தால் எண்ணெயைப் பிடித்துவைக்க முடியவில்லை. எண்ணெய் நுண்துளிகளாக வெளியே வருகிறது. போத்தல் பழுது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள், அதுதான் சரக்கு உள்ளே இருப்பதற்கு அடையாளம். எண்ணெய் குறைந்த லிக்கூர் ஐஸ் போட்டாலும் தெளிவாகவே கிடக்கும்.

இனிப் பெயர்கள். குராசோ என்பது கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அங்கே தோடை நட்டார்கள். நெடுந்தீவைப் போல வறண்ட, காற்றடிக்கும் மண். இனிப்புத் தோடை அங்கே கசந்து, சின்னதாகி, வாயில் வைக்க முடியாத லராஹா என்ற காயாக மாறிவிட்டது. ஆனால் அதன் தோலை வெயிலில் காய வைத்தபோது அருமையான வாசம் இருந்தது. நாரத்தங்காயைக் கடித்துத் தின்ன முடியாது, ஆனால் தோலைக் கீறினால் வீடு மணக்கும் அல்லவா, அதே கதை. 1634இல் அந்தத் தீவைப் பிடித்த ஒல்லாந்தர்தான் 1658இல் நம் யாழ்ப்பாணக் கோட்டையையும் பிடித்தவர்கள். குராசோ லிக்கூரை உலகமெங்கும் பரப்பியதும் ஒல்லாந்து வடிசாலைகளே. இன்றும் லராஹாத் தோலில் அந்தத் தீவிலேயே செய்யும் சீனியர் நிறுவனத்தின் குராசோ 31 வீதம். ஆனால் குராசோ என்ற பெயரை அந்தத் தீவோடு சம்பந்தமில்லாத எவரும் போடலாம். கடைகளில் அதிகம் காணும் போல்ஸ் நீலம் 21 வீதம். நீலத்துக்கும் சுவைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது வெறும் உணவுச் சாயம்.

ட்ரிப்பிள் செக் என்ற தோடை லிக்கூர் வகை பிரான்சில் பிறந்தது. லுவார் நதிப்பக்கத்து சோமூரில் 1834இல் தாங்களே முதலில் செய்ததாகக் கொம்பியே வடிசாலை சொல்கிறது. அதே பகுதியில் ஆன்ஜே நகரத்துக் குவாந்த்ரோ 1875இல் வந்தது. இனிப்புத் தோடை, கசப்புத் தோடை இரண்டின் தோலும் போட்டு, பீற்றூட் இனச் சீனிக்கிழங்கிலிருந்து வந்த வாசமற்ற மதுசாரத்தில் வடித்தது, 40 வீதம். ஆகவே குவாந்த்ரோவும் ட்ரிப்பிள் செக் வகைதான். ஆனால் ட்ரிப்பிள் செக் என்று எழுதிய எல்லாம் குவாந்த்ரோ ஆகாது. அந்தப் பெயரில் 15 வீதப் போத்தலும் இருக்கிறது. 'செக்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இனிப்புக் குறைந்தது என்று பொருள் என்றாலும் எல்லாமே நல்ல இனிப்பு. பெயரை விட்டுவிட்டு லேபிளில் வீதத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, 1880இல் வந்த க்ரான் மார்னியே. இதன் அடி கொன்யாக் பிராண்டி. சிவப்பு நாடா கட்டிய வழக்கமான போத்தலில் 51 வீதம் கொன்யாக்கும் 49 வீதம் கசப்புத் தோடை லிக்கூரும் சேர்ந்திருக்கும். மதுசாரம் 40 வீதம். மரப்பீப்பாய் வாசம், கொஞ்சம் வனிலா. நத்தார் கேக்குக்கு என்னைக் கேட்டால் முதலிடம் இதற்குத்தான். குவாந்த்ரோ அடுத்தது.

இப்போது உங்கள் கேக். ஒரு கிலோ பிளம்ஸ், சுல்தானா, தோசி, இஞ்சிப்பாகு எல்லாம் வெட்டி, 150 மி.லீ. பிராண்டியும் 50 மி.லீ. குவாந்த்ரோவும் விட்டுப் பிசறி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஒரு கிழமையாவது ஊறவிடுங்கள். முழுவதும் குவாந்த்ரோவாக விட்டால் தோசியின் இனிப்போடு அதன் சீனியும் சேர்ந்து திகட்டும். அவணில் வேகும்போது தோடை எண்ணெயின் பெரும்பங்கு ஆவியாகிப் போய்விடும். அதனால் வாசத்துக்கான பங்கைக் கடைசிக்கு வைத்திருங்கள். கேக் முற்றாக ஆறியபின், கழுவிக் காயவைத்த ஈர்க்கால் அங்கங்கே குத்தி, ஒரு கிலோ கேக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி பூசிச் சுற்றி வையுங்கள். கிழமைக்கு ஒருதரம் ஒரு மேசைக்கரண்டி, மூன்று தரம் போதும். இந்த இடத்தில் நீலத்தைப் பூசினால் 21 வீதம் போக மிச்சமெல்லாம் தண்ணீரும் சீனியும். கேக் நசநசத்து, நம் மார்கழி மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கறுத்த கேக்கில் நிறம் தெரியாது என்று நினைப்பீர்கள். மேலே கஜு ஐசிங் வைத்ததும் அதன் மஞ்சளில் நீலம் ஊறிப் பாசிப் பச்சையாகத் தெரியும். இருமடங்கு விட்டால் சரிவரும் என்பதும் பிழை. வாசம் இரட்டிக்கும்போது சீனியும் தண்ணீரும் சேர்ந்தே இரட்டிக்கும்.

ஆறியபின் பூசும் மதுசாரம் கேக்கிலேயே நிற்கும். பிள்ளைகளுக்கும், குடிக்காதவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் ஒரு பங்கைப் பூசாமல் வேறாகச் சுற்றி வையுங்கள்.

குவாந்த்ரோ தீர்ந்துபோனால் நீலத்துக்குத் திரும்பவேண்டாம். 100 மி.லீ. பிராண்டியில் ஒரு தோடம்பழத்தின் தோலைத் துருவிப் போட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி சீனி சேர்த்து, இரண்டு நாள் மூடிவைத்து வடியுங்கள். ஊர்த் தோடையின் பச்சைத் தோலே போதும். வெளிநாட்டுப் பழமென்றால் மேலே மெழுகு பூசியிருப்பார்கள், சுடுநீரில் தேய்த்துக் கழுவவேண்டும். துருவும்போது வெள்ளைச் சதை தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள், கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. பனஞ்சாராயத்தில் இதைச் செய்யாதீர்கள். அதன் சொந்த வாசம் தோடையை அமுக்கிவிடும்.

பான் கேக்கில் ஊற்றிக் கொளுத்தும் ஆசை இருந்தால் 40 வீதம் உடனே பற்றும், 20 வீதம் நன்றாகச் சூடாக்கினால்கூடச் சிரமம். எதுவானாலும் சின்னக் கிண்ணத்தில் அளந்து ஊற்றுங்கள். போத்தலோடு சரித்தால் சுடர் தாரையைப் பிடித்துக்கொண்டு போத்தலுக்குள் ஏறும்.

நீலப் போத்தலை எறியத் தேவையில்லை. 30 மி.லீ. நீலம், அரைத் தேசிக்காய்ப் புளி, நிறைய ஐஸ், மேலே சோடா. விருந்தாளிக்கு வடிவான கடல் நிறக் கிளாஸ். தேசிப்புளி அதன் திகட்டலை வெட்டும். குவாந்த்ரோவை அலுமாரியில், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். ஒவ்வொரு தரமும் ஊற்றியபின் போத்தல் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். இல்லையென்றால் சீனி இறுகி அடுத்த நத்தாருக்கு மூடி திறக்க வராது.