ஆய்வறிக்கை கொடுத்தும் பதில் இல்லையா? அலையாத்திக் கார்பன் கணக்கை அதிகாரிகளிடம் கொண்டுபோவது எப்படி

பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டு மண்ணில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று அளந்து ஆய்வு முடித்த வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஆட்சியர் அலுவலகத்துக்கும் வனத்துறைக்கும் அறிக்கை கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது, யாரும் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. இன்னும் எளிமையாக எழுத வேண்டுமா?”

எளிமை மட்டும் போதாதுங்க. ‘ஹெக்டேருக்கு இத்தனை டன் கார்பன்’ என்று படித்துவிட்டு ஒரு வன அலுவலர் எந்தக் கோப்பில் என்ன எழுதுவார்? அதற்கு அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

பிச்சாவரத்திலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் பகுதி பகுதியாக மொத்தமாய் மரம் வெட்டியதில், வெயில் பட்ட மண் சுருங்கிப் பள்ளமாகி, உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி வற்றி, உப்பு ஏறி, செடியே பிழைக்காத இடங்கள் உருவாயின. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் மாதிரி. ஓதத்தில் கடல் தண்ணீர் அவற்றின் வழியே ஏறி இறங்கினால் உப்பு கழுவிப் போகும், அப்புறம் கன்று நடலாம் என்று 1990களில் வனத்துறையோடு சேர்ந்து செய்தே காட்டியது. வாய்க்கால் என்றால் நீளம், ஆழம், தூர்வாரும் செலவு எல்லாம் உண்டு, மதிப்பீடு போடலாம். அதனால்தான் அந்த ஆய்வு களத்தில் இறங்கியது.

உங்கள் எண்களுக்கு வருவோம். மண்ணில் சேர்ந்திருக்கும் மொத்த இருப்பு வேறு, வருஷா வருஷம் புதிதாகச் சேருவது வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால், இருப்பையே ஆண்டு வரவு என்று யாராவது படித்துவிடுவார்கள், அந்தத் தப்பு கோப்பில் ஏறினால் இறங்காது. கார்பனா, கார்பன் டை ஆக்சைடா என்பதையும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள்: 100 டன் கார்பன் என்பது சுமார் 367 டன் கார்பன் டை ஆக்சைடு. எத்தனை செ.மீ. ஆழம் வரை அளந்தீர்கள் என்பதும் கூடவே வர வேண்டும்.

‘கார்பன் கிரெடிட்டில் எவ்வளவு வரும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள், அதாவது சேமித்த கார்பனுக்குச் சான்று வாங்கி விற்றால் எவ்வளவு பணம் என்று. ஏற்கெனவே மண்ணில் கிடக்கிற இருப்பை அப்படியே விற்க முடியாது, ஒரு திட்டத்தால் கூடுதலாகச் சேர்ந்ததோ அழிவிலிருந்து தப்பியதோ மட்டும்தான் கணக்கில் வரும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஆசை காட்டி வாங்கும் கவனம் நிலைக்காது.

பிழை வரம்பை மறைக்க வேண்டாம், ஆனால் புள்ளியியல் மொழியில் கொட்டவும் வேண்டாம். குறைந்தபட்ச எண்ணை எடுத்துக்கொண்டாலும் இந்த இடத்தைக் காப்பது சரிதானா? சரி என்றால் அதுதான் உங்கள் முதல் வரி. முடிவு மாறும் என்றால், இன்னும் எதை அளந்தால் தெளியும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எழுதுங்கள்.

யாரிடம் கொடுப்பது? தமிழக அரசின் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தில் ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இருவரும் மாற்றலாகிப் போகலாம், அதனால் வனச்சரகரையும் முதலிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால் தூர்ந்தது என்று அவருக்குத்தான் தெரியும். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது, துறைகள் தங்கள் தேவையை அதற்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிடும். மழைக்காலம் தொடங்கும் முன்பே தமிழில் இரண்டு பக்கமும், இடங்களைக் குறித்த ஒரு வரைபடமும் அவர்கள் மேஜையில் இருக்கட்டும். முழு அறிக்கையைப் பின்னிணைப்பாக வையுங்கள்.