வன்னியில் மூன்று நாள்: சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்

கேள்வி: கனடாவிலிருந்து ஜூலை முதல் வாரம் இரண்டு பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறோம். இதுவரை ஏ9 வீதியால் வன்னியைக் கடந்து யாழ்ப்பாணம் போனதுதான், இறங்கித் தங்கியதில்லை. இம்முறை மூன்று நாள் அங்கேயே நின்று அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட விரும்புகிறோம். செலவழிக்கும் காசு அங்குள்ள சனத்தின் கையில் சேரவேண்டும். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: வன்னிச் சாப்பாடு கடையில் கிடைப்பது குறைவு. அது வீட்டுக் குசினியில் இருக்கிறது. ரவுனில் பசித்த நேரம் கண்ட கடைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கொத்துரொட்டியும் ஃபிரைட் ரைஸும்தான். குரக்கன் பிட்டும் குளத்து விரால் குழம்பும் வேண்டுமென்றால், முதல் நாளே ஒரு வீட்டுக்குச் சொல்லவேண்டும். உங்கள் காசு ஊர்ச் சனத்திடம் போய்ச் சேர்வதற்கும் அதுவே நேரான வழி.

இதை நான் படித்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒட்டுசுட்டான் பக்கம் தெரிந்த ஒரு வீட்டுக்கு, ஆறு பேரை மத்தியான வேளையில் சொல்லாமல் கூட்டிப் போனேன். அந்த அக்கா முகம் கோணாமல் பாய் விரித்தார். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, கருவாட்டுப் பொரியல், சொதி. எல்லாரும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டோம். கை கழுவக் கிணற்றடிக்குப் போகும் வழியில் குசினியைப் பார்த்தேன். பானை கவிழ்த்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்த மகன் வாசற்படியில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்குப் போட்டது அந்த வீட்டின் மத்தியானச் சோறு. காசு நீட்டியபோது, "சாப்பாட்டுக்கு ஆரும் காசு வாங்குவினமோ?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆகவே காசுக் கதையைச் சாப்பிட முதலே முடித்துவிடுங்கள். முதல் நாள் போய், அல்லது ஓட்டோத் தம்பியிடம் கொடுத்தனுப்பி, "நாளைக்கு நாலு பேர் வாறம், இது சாமான் வாங்க" என்று முன்பணம் கொடுங்கள். விருந்தாளியிடம் வாங்கக் கூசுகிறவர்கள் சாமானுக்கென்றால் வாங்குவார்கள். மிச்சத்தைச் சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம். கடையில் நாலு பேருக்கு என்ன செலவாகுமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

அப்படி ஒரு வீட்டை எங்கே தேடுவது? உறவினர் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதன் தலைவியைத் தெரியாதவர் கிராமத்தில் இருக்கமாட்டார். இன்னொரு வழி அம்மாச்சி உணவகம். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே சமைத்து விற்கும் இடம் அது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உண்டு. பிட்டு, தோசை, உளுந்துக்களி, இலைக்கஞ்சி என்று கண்ணுக்கு முன்னால் சுடச்சுட வரும். அங்கே அப்பம் சுடும் அக்காவோடு கொஞ்ச நேரம் கதைத்தால் போதும், யார் வீட்டில் என்ன கைப்பக்குவம் என்று சொல்லிவிடுவார்.

நீங்கள் வருவது நல்ல நேரம். சோளகக் காற்றும் புழுதியும் இருக்கும், ஆனால் பாலைப்பழக் காலம். சின்னஞ்சிறு மஞ்சள் பழம், தேன்போல் இனிப்பு. நாலைந்து தின்றதும் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. துளி தேங்காயெண்ணெய் தடவினால் விட்டுவிடும். ஏ9 ஓரத்தில் மாங்குளம் பக்கம் வைத்து விற்பார்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உதிர்த்துப் பொறுக்கிய பழமா, கொப்போடு வெட்டிக் கொண்டுவந்ததா? பழத்துக்காகப் பாலையில் கொப்புத் தறிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். தறித்த கொப்பு நம் காலத்தில் பழையபடி வராது. கொப்போடு கிடந்தால் வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்பதையும் மரியாதையாகச் சொல்லுங்கள். நீங்களே பறிக்கலாமென்று காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம். கரடியும் அந்தப் பழத்துக்குத்தான் வரும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆசையோடு கேட்பது இன்னொன்று: மான், மரை இறைச்சி. யாராவது ஒளித்துக் கொண்டுவந்து தரவும் கூடும். அது சட்டப்படி குற்றம். உங்களுக்காகச் சுடுகிறவர்தான் மறியலுக்குப் போவார். கேட்காதீர்கள். விராலைக் கேளுங்கள். வெயிலுக்குக் குளங்கள் வற்றுகிற காலம், மீன் நன்றாகப் பிடிபடும்.

பயணம் என்று பார்த்தால், முதலில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குங்கள். வறுத்த சூட்டோடு உடைத்துத் தின்னவேண்டிய சாமான் அது. பிறகு மாங்குளத்துக்குத் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஏறுங்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். பக்கத்தில் கற்சிலைமடு, 1803இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற இடத்தின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. நந்திக்கடலோரம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். கடல்நீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கல் அப்போது முடிந்திருக்கும், ஆனால் சனமில்லாத கோயிலின் அமைதியும் பெரிது. மடுமாதா திருவிழா ஜூலை 2. அதற்குப் போவதாக இருந்தால் வவுனியாவில் அறையை இப்போதே பதிவுசெய்யுங்கள். சுண்டிக்குளத்துப் பூநாரைகளை இந்தப் பயணத்தில் எதிர்பார்க்கவேண்டாம், அவை மாரியில் வருகிறவை.

இரண்டு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை மிதிவெடிக்கானது. பலகை இல்லாவிட்டாலும் சனம் நடக்காத பற்றைக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். மற்றது முள்ளிவாய்க்கால். 2009இல் போரின் கடைசி நாட்களில் அங்கே சொந்தங்களை இழந்தவர்கள்தான் உங்களுக்குப் பிட்டு அவிக்கப்போகிறவர்கள். நீங்களாக எதையும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். மே மாதத்தில் அங்கே காய்ச்சும் உப்புக்கஞ்சி அந்தக் கடைசி நாட்களின் சாப்பாடு. அதைச் சமைத்துத் தரும்படி எந்த வீட்டிலும் கேட்கவேண்டாம்.

முதல் நாள் வீட்டுக்காரருக்குச் சொல்லும்போது மூன்றை மறக்காமல் சொல்லுங்கள்: எத்தனை பேர், என்ன சாப்பிடமாட்டீர்கள், பிள்ளைகளுக்கு உறைப்பு எவ்வளவு. வன்னிக் குழம்பு நல்ல உறைப்பு. சொன்னால் பிள்ளைகளுக்கென்று ஒரு சட்டியைப் பாலூற்றித் தனியாக இறக்கி வைப்பார்கள்.