மறைசாட்சிகளில் ஒருவரைப் பற்றித்தான் வாசிக்க நேரம் என்றால், பெர்பெத்துவா

"தொடக்க காலக் கிறிஸ்தவ மறைசாட்சிகளில் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களில்) யாருடைய வரலாற்றை நம்பி வாசிக்கலாம்?" என்பது கேள்வி.

நான் பெர்பெத்துவாவைச் சொல்வேன். பல மறைசாட்சிகளின் கதையை வேறு யாரோ, பல தலைமுறை கழித்து எழுதினார்கள். வாள் வெட்டவில்லை, தீ சுடவில்லை என்று அதில் நிறையச் சேர்ந்துகொண்டது. இவரோ சிறையில் இருந்தபடி தன் கதையைத் தானே எழுதினார். ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

கி.பி. 203, கார்த்தேஜ் நகரம், இன்றைய துனீசியா. அவருக்கு 22 வயது இருக்கும். நல்ல குடும்பம், படித்தவர், கையில் பால்குடி மகன். (கணவரைப் பற்றி மூச்சே விடவில்லை. ஏன் என்று ஆய்வாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.) ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த இன்னும் சிலரோடு பிடிபட்டார். அவர்களில் பெலிசித்தா ஓர் அடிமைப் பெண், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவர்களுடைய ஆசிரியர் சத்தூருஸ் பிறகு தானாகவே வந்து சரணடைந்தார்.

சிங்கத்தை எதிர்பார்த்து வாசிக்கத் தொடங்கினால் ஏமாந்துபோவீர்கள், சிங்கமே கிடையாது. அந்தக் குறிப்புகளில் பாதி மனதை அடைத்துக்கொண்டு நிற்பவர் அவருடைய அப்பா. கிறிஸ்தவர் அல்ல. முதல் தடவை வந்தபோது மகள் அங்கிருந்த ஒரு குடத்தைக் காட்டி, "இதைக் குடம் என்றில்லாமல் வேறு பெயரால் சொல்ல முடியுமா? நானும் அப்படித்தான், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது" என்றார். அப்பா கண்ணைப் பிடுங்குவதுபோல் பாய்ந்தார். அடுத்த முறை கோபமெல்லாம் போய்விட்டது. "என் நரைத்த தலையைப் பார்த்தாவது இரங்கு, உன் சகோதரர்கள் எல்லோரையும்விட உன்னைத்தானே உயர்வாக வைத்திருந்தேன்" என்று கையை முத்தமிட்டுக் காலில் விழுந்தார்.

விசாரணையில் ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ், "அப்பாவைப் பார், பிள்ளையைப் பார், பேரரசர்களின் நலனுக்காகத் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிடு" என்றார். பெர்பெத்துவா மாட்டேன் என்றார். மகளைத் தடுக்க முயன்ற கிழவரைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொன்னார் இலாரியானுஸ். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் இருந்தது என்று பெர்பெத்துவா எழுதுகிறார். அதன்பிறகு அப்பா குழந்தையைத் திருப்பித் தரவில்லை. குழந்தை பால் கேட்பதை நிறுத்திவிட்டது, தனக்கும் பால் கட்டி வலிக்கவில்லை என்று அடுத்த வரியில் குறிக்கிறார். இது பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் எழுதும் வரி. வாசிக்கிற ஒவ்வொரு முறையும் என் மனம் அந்தக் கிழவர் பக்கம்தான் சாய்கிறது. மகள் அவரை வில்லனாக்காமல் விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெர்பெத்துவாவுக்கு வாயும் ஜாஸ்தி. சிறையில் கெடுபிடி செய்த அதிகாரியிடம், "சீசரின் பிறந்தநாளுக்குச் சாகப்போகிறவர்கள் நாங்கள். கொழுகொழுவென்று வந்து நின்றால் உங்களுக்குத்தானே பெருமை?" என்று கேட்டிருக்கிறார். அவன் முகம் சிவந்து சலுகை கொடுத்தான்.

கர்ப்பிணிக்கு மரணதண்டனை நிறைவேற்ற ரோமச் சட்டம் இடம் தரவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து போக முடியாதோ என்று பெலிசித்தா கலங்கினார். எட்டாம் மாதத்திலேயே சிறையில் பெண் குழந்தை பிறந்தது. அதை ஒரு கிறிஸ்தவப் பெண் எடுத்து வளர்த்தார்.

விலங்குகளை ஏவிவிடும் அரங்கில் நடக்கப்போவதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்று பெர்பெத்துவா தன் குறிப்பை முடிக்கிறார். மீதி, இன்னொருவர் எழுதியது. மார்ச் 7. ஆண்கள்மேல் சிறுத்தையும் கரடியும் காட்டுப்பன்றியும், பெண்கள்மேல் வெறிகொண்ட ஒரு பசு. தூக்கி எறியப்பட்ட பெர்பெத்துவா கிழிந்த உடையைச் சரிசெய்தார், கொண்டை ஊசி கேட்டுக் கூந்தலை முடிந்துகொண்டார், விழுந்துகிடந்த பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்கினார். கடைசியில் வாளோடு வந்தவன் புதியவன், முதல் வெட்டு எலும்பில் பட்டது. நடுங்கிய அவன் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் அவரே வைத்தார்.

கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் நற்கருணை மன்றாட்டை (குரு சொல்லும் மைய செபங்களில் ஒன்று) முழுமையாகச் சொல்லும் நாளில் இரண்டு பெயர்களையும் கேட்கலாம். அதில் வரும் புனிதர் பட்டியலில் பெர்பெத்துவாவுக்கு முன்பாக அடிமைப் பெண் பெலிசித்தாவின் பெயர்தான் வருகிறது.