கறுத்துப் போனால் போகட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் பவர் டேபிள் (பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்) வைத்திருக்கிறார், நானும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். மகள் ஏழாவது முடித்துவிட்டாள், மகன் மூன்றாவது. லீவு விட்டதிலிருந்து காலையில் கண் விழித்ததும் "அம்மா, போரடிக்குது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் ராத்திரிவரை போன்தான். எங்கள் அபார்ட்மெண்டில் ரோபோட்டிக்ஸ், அபாகஸ் என்று ஒரு சம்மர் கேம்ப் போட்டிருக்கிறார்கள். சேர்க்கலாமா? ஊட்டிக்கு நாலு நாள் கூட்டிப்போகலாமா? தினம் ஒரு மணி நேரம் போன் கொடுத்தால் தப்பா? பிள்ளைகள் லீவைச் சந்தோசமாகக் கழிக்க ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தீர்களென்றால் புண்ணியமாகப் போகும்.

பையனை மட்டும் நீச்சலுக்குச் சேர்த்துவிட்டோம். பாப்பாவுக்கும் ஆசைதான். ஆனால் போன தை மாதம்தான் அவளுக்குப் பூப்புச் சீர் செய்தோம். இனி எதற்குத் தண்ணீரில் குதிப்பதெல்லாம், வெயிலில் கறுத்தும் போவாள் என்று எங்கள் அத்தை சொல்கிறார். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மணி,

முதல் பத்தி முழுக்கக் கேள்வி. இரண்டாவது பத்தியில் கேள்வியே இல்லை, முடிவு எடுத்தாயிற்று. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இரண்டாவது பத்தியைத்தான். லீவு விட்ட நாளிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். பேப்பரை விரித்தால் வாய்க்காலில் ஒரு பிள்ளை, கல் வெட்டிவிட்டுப் போட்ட பாறைக்குழியில் இரண்டு பிள்ளைகள். வருசா வருசம் இதே மாதங்களில் இதே செய்தி. ஊரின் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். கேம்ப் உங்கள் பணம், உங்கள் இஷ்டம். ஆனால் வீட்டில் பவர் டேபிள் வைத்துக்கொண்டு ரோபோட்டிக்ஸுக்குக் காசு கட்டுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓடாமல் கிடக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊசி இறங்க, லூப்பர் குறுக்கே வந்து நூலை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்த பையன் மதியச் சோற்றுக்கு எழுந்து வர மாட்டான். ஊட்டிக்கு மே மாதம் போனால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தபடியே ஏறலாம். அதைவிட விடிகாலையில் உங்கள் ஊர் நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-ல் சேர்ந்த குளம், திருப்பூரில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கோயம்புத்தூர் போனால் 1902-ல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கினால் திண்ணையில் கரித்துண்டால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம்: மூன்று புலி, பதினைந்து ஆடு. பட்டியல் முடிந்தது. போன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது அந்த இரண்டாவது பத்தி. "எங்கள் அத்தை சொல்கிறார்" என்று எழுதிவிட்டு, "எனக்கும் சரி என்றுதான் படுகிறது" என்று முடித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் சொல்வது நீங்கள்தான். மாமியாரை முன்னால் நிறுத்தாதீர்கள். பாவம், அவர் காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். நீங்கள் படித்தவர், தொழில் பார்க்கிறவர், வாராவாரம் சம்பளம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர். கறுத்துப் போவாளாம்! கறுத்தால் என்ன? பையன் கறுக்க மாட்டானா? அவன் உடம்பில் மட்டும் வேறு வெயிலா அடிக்கிறது?

எங்கள் அம்முச்சி (அம்மாவைப் பெற்றவர்) ஊர் பெருந்துறைப் பக்கம். கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர். பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, கசிவு நீரிலேயே கிணறுகள் ஊறிக் கிடக்கும். சித்திரையிலும் எங்கள் கிணற்றில் பாதிக் கிணறு தண்ணீர் நிற்கும். பாறையை உடைத்து இறக்கிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் இறங்குவதற்குச் சுவரிலேயே நீட்டிவிட்ட கல்படி. முழுப் பரீட்சை லீவுக்கு அங்கே போனால் மாமன் மக்கள், சித்தி மக்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். பையன்கள் மிதப்பதற்குக் காய்ந்த சுரைக்காய்க் குடுக்கையை, அதாவது சுரைப்புருடையை, முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி, ரெண்டு வாரத்தில் புருடையைக் கழற்றி வீசிவிட்டு மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பார்கள். அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவார்கள். பெண் பிள்ளைகளாகிய நாங்கள் மேலே உட்கார்ந்து அவர்கள் கழற்றிப் போட்ட சட்டை டவுசருக்குக் காவல். பெண் பிள்ளைகள் கிணற்றில் இறங்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதே கிணற்றிலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் சேந்திச் சுமப்பது மட்டும் பெண்களின் வேலை. எட்டிப் பார்த்துக் குனிந்து சேந்துகிற ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. குதித்து விளையாடுகிறவன் அத்தனை பேருக்கும் தெரியும். இது என்ன நியாயம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்டது எங்கள் சின்னச் சித்தி ஒருத்திதான். வாயால் கேட்கவில்லை. மத்தியானச் சோறு தின்றுவிட்டு ஆண்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்த பிறகு எங்களைக் கிணற்றுக்குள் இறக்கினாள். பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிடுவாள். கட்டாமல் இறங்கினால் பாவாடைக்குள் காற்று புகுந்து பலூன் மாதிரி மேலே எழும்பிவிடும், அப்புறம் நீந்துவது எங்கே, பாவாடையை அமுக்குவதற்கே நேரம் சரியாக இருக்கும். முதல் சில நாள் நெஞ்சளவு தண்ணீர் நிற்கிற படியில் உட்கார வைத்து, முகத்தை முக்கி மூச்சை ஊதச் சொன்னாள். அப்புறம் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு கால் அடிப்பது. அப்புறம் காலிக் குடம். குடத்தைக் கவிழ்த்து வாய்ப்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும்படி அமுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்று ஆளைத் தாங்கும். சாய்த்தீர்களோ, குபுகுபுவென்று தண்ணீர் ஏறிக் குடமும் போகும், நீங்களும் போவீர்கள். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை சித்தி கையில் இருக்கும். "கையக் கால ஆட்டுடி, தண்ணி உன்னைய என்ன கடிச்சா திங்குது?" என்று கத்துவாள், மெதுவான குரலில். மேலே ஆண்கள் தூங்குகிறார்கள் அல்லவா. அம்முச்சி கிணற்று மேட்டில் நின்று "இந்தக் கூத்தெல்லாம் எங்க போய் முடியுமோ" என்று முனகுவார். ஆனால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்கிற வேலையை அவர்தான் செய்தார்.

மத்தியான வெயில் அது. நான் கறுத்துத்தான் போனேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சருக்கே அடையாளம் தெரியவில்லை. அப்புறம் கலியாணமும் ஆயிற்று, அம்மணி. மாப்பிள்ளை வீட்டார் யாரும் கிணற்றைப் பற்றி விசாரிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு உங்கள் அம்முச்சி ஊர்க் கிணற்றுக்குப் போய்விடாதீர்கள். போர்வெல் ஆயிரம் அடிக்குப் போன பிறகு பாதிக் கிணறு குப்பைக்குழி ஆகிவிட்டது. புழங்காத கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கும். வாய்க்காலும் வேண்டாம். சிமெண்ட் போட்ட சரிவில் பாசி படிந்திருந்தால் பெரிய ஆளாலேயே பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது, இழுப்பு வேறு. பாறைக்குழி வேண்டவே வேண்டாம், காலடியில் தரை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. நொய்யல் ஆற்றைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று அதன் குறுக்கே கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர்த் தொட்டியாகப் போன கதை உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே நீச்சல் குளம்தான். பையனைச் சேர்த்த அதே குளம் போதும்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், தண்ணீர் ஆண் பெண் பார்ப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் எப்படி நடந்துகொள்வது என்பதும் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. பங்களாதேசத்தில் ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் மேடை கட்டி அதில் வைத்தே ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் பழக்குகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மெடல் வாங்குகிற நீச்சல் அல்ல, உயிர் தப்புகிற நீச்சல். பாப்பாவுக்கும் அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெடல் நீச்சல்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஆள் இருக்கிறது. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு வயது 12. அவர் பையன் என்பீர்கள். சரி, ஆரத்தி சாஹா 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அந்தப் பெண்ணுக்கு 12 வயதுகூட நிரம்பவில்லை. 1959-ல் அதே கால்வாயைக் கடந்து, ஆசியாவிலேயே அதைச் செய்த முதல் பெண் ஆனார். 1952-ல் வங்காளத்தில் ஒரு வீட்டார் அனுப்பினார்கள். இன்றைக்குத் திருப்பூரில் உங்களால் முடியவில்லை.

சீர் செய்தாயிற்று என்கிறீர்கள். மாதத்தில் சில நாள் போக வேண்டாம் என்று தோன்றினால் போக வேண்டாம். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கிவிட்டோமா? உடைதான் சங்கடம் என்றால், எனக்குச் சிரிப்பு வருகிறது. உலகத்துக்கே பனியனும் டீ ஷர்ட்டும் தைத்துக் கப்பல் ஏற்றுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் பவர் டேபிளையும் வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு நீச்சல் உடை இல்லை என்பதா? முழுக் கை, கணுக்கால்வரை கால் வைத்து நைலான் லைக்ராவில் தைத்துவிடுங்கள். காட்டன் வேண்டாம், நனைந்தால் கனத்துக் கீழே இழுக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு அரை நாள் வேலை. வெயில்தான் பயம் என்றால் காலை ஆறரை மணி பேட்ச் கேளுங்கள்.

இன்னொன்று. நீச்சலைவிட முக்கியம், நீச்சல் தெரியாதவரும் கற்க வேண்டியது. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருகிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கத்தாது. கத்துவதற்கு மூச்சு இருக்காது. வாய் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போகும், பக்கத்தில் நிற்பவருக்கே விளையாடுகிற மாதிரி இருக்கும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துபோகும். போன் ஒரு மணி நேரம் கொடுத்தால் தப்பா என்று கேட்டீர்களே, பிள்ளைகள் தண்ணீரில் இருக்கிற அந்த ஒரு மணி நேரம் உங்கள் கையில் போன் இருந்தால் அது தப்பு. மற்ற நேரக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஒருவர் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டாகப் போன கதைதான் அதிகம். கயிறு, துண்டு, காலிக் கேன், குடம், எது கையில் கிடைக்கிறதோ அதை வீச வேண்டும், நீட்ட வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நாலு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. பொம்பளைக்குத் தண்ணீரில் என்ன வேலை என்று உங்கள் அத்தை மறுபடியும் கேட்டால் இந்தச் சேதியைச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம். அவர் வயதுக்காரர்கள் கிணற்றடியில் பார்த்ததெல்லாம் நாம் பார்த்ததில்லை. அவர் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு அவர் சொல்கிற மருந்துதான் தப்பு.

நாளைக்கே குளத்தில் போய்க் கேளுங்கள். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், ஆழமில்லாத பக்கம் எவ்வளவு ஆழம் என்று மூன்றையும் கேளுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பாப்பாவுக்காக மட்டும் அல்ல. கடிதத்தில் எங்கேயும் உங்களுக்கு நீச்சல் தெரியும் என்று எழுதவில்லை. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு உடையாகவே தைக்கச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா