சுகாதாரச் சமநீதிக்கான நினைவு உதவித்தொகை: கேள்வி பதில்

மறைந்த ஒருவரின் பெயரில், சுகாதாரச் சமநீதி குறித்துப் படிக்கும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகைகள் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

முதுநிலை செவிலியர் படிப்பு மாணவி: மேடம், சமத்துவம், சமநீதி இரண்டும் ஒன்றுதானே? அறிவிப்பில் சமநீதி என்று போட்டிருக்கிறார்கள்.

ஒன்றல்ல. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம். யாருக்கு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பக் கொடுத்து, நலமாக வாழும் வாய்ப்பை நிகராக்குவது சமநீதி. 1990களின் தொடக்கத்தில் மார்கரெட் வொயிட்ஹெட் என்ற பிரிட்டிஷ் பொதுச் சுகாதார ஆய்வாளர் தந்த வரையறை இன்றும் கைகொடுக்கிறது: தேவையற்றதாகவும் தவிர்க்கக்கூடியதாகவும் நியாயமற்றதாகவும் இருக்கும் வேறுபாடே அநீதி. எண்பது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட மாரடைப்பு அதிகம் வருவது வெறும் வேறுபாடு. ஒரே வயது, ஒரே நோய், ஆனால் ஒருவருக்கு மட்டும் மருந்து எட்டவில்லை என்றால் அது அநீதி. "இதைத் தவிர்த்திருக்க முடியுமா? யார் கையில் இருந்தது?" என்று உங்கள் தலைப்பைக் கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் அது நல்ல மருத்துவ ஆய்வாக இருக்கலாம், ஆனால் இந்த உதவித்தொகைக்குப் பொருந்தாது.

பொதுச் சுகாதார முதுநிலை மாணவர்: 750 சொற்களில் நோக்கக் கட்டுரை கேட்கிறார்கள். நான் எளிய குடும்பத்திலிருந்து வந்தவன். அதிலிருந்தே தொடங்கலாமா?

சொல்லுங்கள், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதல் 150 சொற்களில் பிரச்சினையைச் சொல்லுங்கள்: யாருக்கு, எது, எவ்வளவு குறைகிறது? அடுத்த 150 சொற்கள் காரணத்துக்கு. பிறகு 250 சொற்களில் நீங்கள் செய்யப்போகும் வேலை. அதன்பின் 100 சொற்களில் அதற்கான உங்கள் தகுதி. வளர்ந்த சூழல் இங்கேதான் வலுச் சேர்க்கும், ஏனென்றால் அந்த மக்களின் மொழியும் அன்றாடமும் உங்களுக்குத் தெரியும் என்பது ஓர் ஆய்வுத் திறன். மீதி 100 சொற்கள் படிப்பு முடிந்த பிறகு அந்த வேலை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு.

பெரும்பாலான கட்டுரைகள் தோற்பது காரணம் சொல்லும் இடத்தில். "விழிப்புணர்வு இல்லாததால் மக்கள் சிகிச்சைக்கு வருவதில்லை" என்று எழுதியதுமே, தவறு நோயாளியுடையது என்று சொல்லிவிடுகிறீர்கள். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்களில், கடைசி ஷிப்டில் இடம் கிடைத்தவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்களா, அந்த ஷிப்ட் முடியும்போது ஊருக்குப் பேருந்து இருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன்." இதில் ஆள் தெரிகிறார், தடை தெரிகிறது, மாற்ற வேண்டியது எது என்பதும் தெரிகிறது. 1971இல் வேல்ஸில் பணியாற்றிய ஜூலியன் டூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். அந்தத் தலைகீழ் எந்த இடத்தில் நடக்கிறது என்று நீங்கள் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அதே மாணவர்: யார் நினைவாகக் கொடுக்கிறார்களோ அவரைப் பற்றி எவ்வளவு எழுதணும்?

இரண்டு, மூன்று வாக்கியம் போதும். அவர் செய்த வேலையில் எந்தப் பகுதி உங்கள் வேலையைத் தொடுகிறது என்று மட்டும் எழுதுங்கள். பெயரை அறிவிப்பில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். அவருடைய மரணத்தை விவரிக்காதீர்கள். பல இடங்களில் விண்ணப்பங்களைக் குடும்பத்தாரும் படிக்கிறார்கள். "அவர் விட்ட பணியை நான் தொடர்வேன்" என்ற வரி வேண்டவே வேண்டாம், அந்த உரிமையை நாமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கணினி அறிவியல் ஆய்வு மாணவி: என் துறை மெஷின் லேர்னிங். நானெல்லாம் விண்ணப்பிக்கலாமா மேடம்?

தாராளமாக. விதிகளில் துறை குறிப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் துறைக்குள் வலுவான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கப் பயன்பட்ட ஓர் அல்காரிதத்தை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியானது. நோயின் தீவிரத்துக்குப் பதிலாக மருத்துவச் செலவை அது அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. அதனால் வெள்ளையரைவிட நோய் முற்றியிருந்தாலும் அவர்களுக்கு அதே மதிப்பெண்தான் கிடைத்தது. இனம் என்ற தகவலே அதற்குள் கொடுக்கப்படவில்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான்: ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அங்கே வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே "துல்லியம் 94 சதவீதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குழுவில் எவ்வளவு தவறுகிறது, கணிக்க எடுத்துக்கொண்ட இலக்கு உண்மையில் எதற்குப் பதிலாக நிற்கிறது, தரவிலேயே வராமல் போனவர்கள் யார் என்ற மூன்றையும் எழுதுங்கள். மருத்துவமனைப் பதிவேடு மருத்துவமனைக்கு வந்தவர்களைத்தான் அறியும்.

புள்ளியியல் முதுநிலை மாணவர்: இடைவெளியை விகிதமாகக் காட்டுவதா, வித்தியாசமாகக் காட்டுவதா?

இரண்டையும் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் கதை தலைகீழாகிவிடும். ஒரு கற்பனைக் கணக்கு: ஏழைகளிடையே இறப்பு ஆயிரத்துக்கு 40இலிருந்து 20 ஆகிறது, வசதியுள்ளவர்களிடையே 20இலிருந்து 8 ஆகிறது. வித்தியாசம் 20ஆக இருந்தது 12ஆகச் சுருங்கிவிட்டது. விகிதமோ 2ஆக இருந்தது 2.5ஆக ஏறிவிட்டது. இடைவெளி குறைந்தது, கூடியது என்ற இரண்டுமே உண்மை. எதை முதன்மை அளவாக எடுக்கிறீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் தேர்வுக் குழுவில் இருக்கும் புள்ளியியலாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். ஐந்து வருமானப் படிகள் இருந்தால் இரு முனைகளை மட்டும் ஒப்பிடாமல், கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை நிலை எவ்வளவு மாறுகிறது என்று ஒரே எண்ணில் சொல்லும் சரிவுக் குறியீட்டையும் சேருங்கள், நடுவில் இருப்பவர்களும் கணக்குக்குள் வருவார்கள். மாதிரியில் ஒரு பிரிவில் 15 பேர்தான் என்றால் "வேறுபாடு இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வலு அந்த எண்ணிக்கைக்கு இல்லை.

முனைவர் பட்ட இரண்டாமாண்டு மாணவி: அக்கா, பரிந்துரைக் கடிதம் துறைத் தலைவரிடம் வாங்குவதா, கைடிடம் வாங்குவதா?

உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு பொது வரிகள், விண்ணப்பத்தை இறக்கிவிடும். இரண்டு கடிதம் கேட்டால் ஒன்று நெறியாளரிடமும் இன்னொன்று களத்தில் உங்களோடு வேலை செய்தவரிடமும் வாங்குங்கள். கடைசி நாளுக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கட்டுரையின் வரைவு, தன்விவரம், தேர்வு அளவுகோல்கள், கடைசித் தேதி, அவர் நேரில் பார்த்த உங்கள் வேலைகள் மூன்று, இவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பத்து நாள் முன்பு ஒரு நினைவூட்டல், மூன்று நாள் முன்பு இன்னொன்று. கடிதம் ஏற்றும் இணைப்பு அவருடைய ஸ்பேம் பெட்டிக்குள் போய்க் கிடப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. "இணைப்பு வந்ததா?" என்று வாய்திறந்து கேட்டுவிடுங்கள்.

சமூகவியல் ஆய்வு மாணவர்: பட்ஜெட்டில் பொதுவாக எதை விட்டுவிடுகிறோம்?

மக்களின் நேரத்தை. நேர்காணலுக்கு வருபவர் அரைநாள் கூலியை இழக்கிறார். அதற்கு ஈடும் பயணச் செலவும் முதல் வரியில் வர வேண்டும். ஈட்டுத் தொகை, ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஏற்ற அளவில் இருக்கட்டும், வற்புறுத்தலாக மாறும் அளவுக்குப் போகக் கூடாது. அடுத்தது எழுத்தாக்கம்: ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நேர்காணல் என்றால் 120 முதல் 180 மணி நேரம். வினாப்பட்டியலை மொழிபெயர்த்தால், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவந்து சரிபார்க்க வேண்டும், அதற்கும் கூலி உண்டு. லேப்டாப் கேட்பதற்கு முன் விதிகளைப் படியுங்கள், பல நிதிகள் அதை ஏற்பதில்லை.

அதே மாணவர்: நெறிமுறைக் குழு அனுமதி இன்னும் வரவில்லை.

விண்ணப்பிக்கலாம். எந்தத் தேதியில் சமர்ப்பித்தீர்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். தரவு திரட்டலை அனுமதிக்குப் பிறகே தொடங்குவதாகக் கால அட்டவணையில் காட்டுங்கள்.

முதுநிலை மாணவி: இது கிடைத்தால் பல்கலைக்கழகம் ஏற்கெனவே தரும் உதவியைக் குறைத்துவிடுமா?

குறைக்கும் இடங்கள் உண்டு. நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணத்தில் கழிப்பார்களா, உங்கள் கணக்குக்கு வருமா, வரி உண்டா என்றும் சேர்த்தே கேளுங்கள்.

உதவித்தொகை நிறுவ விரும்பும் ஒருவர்: செவிலியராக இருந்த எங்கள் அக்கா காலமாகிவிட்டார். அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒருவருக்குக் கொடுக்க நினைக்கிறோம். எவ்வளவு மூலநிதி வேண்டும்?

மூலநிதியைத் தொடாமல் என்றென்றும் நடத்த வேண்டுமானால், ஆண்டுக்கு அதில் 4 முதல் 5 சதவீதம் மட்டும் எடுப்பது வழக்கம். அப்படியென்றால் ஆண்டுத் தொகையைப்போல் 20 முதல் 25 மடங்கு வேண்டும். அவ்வளவு திரளாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். பத்தாண்டு மட்டும் என்று முடிவுசெய்து, நல்ல தொகையாகக் கொடுத்து நிறைவுசெய்வது, பேருக்கு ஒரு சிறு தொகையை நெடுங்காலம் கொடுப்பதைவிட மாணவருக்கு உதவும்.

ஆவணம் எழுதும்போது தகுதியை மிகவும் குறுக்கிவிடாதீர்கள். ஒரே நோய், ஒரே கல்லூரி, ஒரே ஊர் என்று கட்டிவிட்டால் சில ஆண்டுகளில் விண்ணப்பிக்க ஆளிருக்காது. நோக்கம் மாறாமல் விதிகளை மட்டும் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். தேர்வுக்குக் குறைந்தது மூன்று பேர், அவர்களில் ஒருவராவது குடும்பத்துக்கும் கல்லூரிக்கும் வெளியிலிருந்து. பெயரை மறைத்துப் படிக்கட்டும். கூடிப் பேசுவதற்கு முன்பே அவரவர் மதிப்பெண்ணை எழுதிக்கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லாருடைய கருத்தாகிவிடும்.

இன்னொன்றை மன்றாடியே கேட்கிறேன். "செலவுசெய்துவிட்டு ரசீது கொடுங்கள், பணம் தருகிறோம்" என்று வைக்காதீர்கள். கையில் முன்பணம் இருப்பவருக்குத்தான் அது பயன்படும், யாருக்காகத் தொடங்குகிறீர்களோ அவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பருவத் தொடக்கத்திலேயே முழுத்தொகையைக் கொடுங்கள். விண்ணப்பக் கட்டணம் வேண்டாம். சான்றிதழ்களின் அசல் பிரதிகளைத் தேர்வானவரிடம் மட்டும் கேட்டால் போதும்.

தேர்வான ஆய்வு மாணவி: பணம் வந்துவிட்டது மேடம். குடும்பத்துக்கு என்ன எழுதுவது?

ஒரு மாதத்துக்குள் ஒரு பக்கக் கடிதம். துறைச் சொற்களைத் தவிர்த்து, யாருடைய எந்தச் சிரமத்தைப் பார்க்கிறீர்கள், இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று எழுதுங்கள். கலந்துகொண்டவர்களை அடையாளம் காட்டும் விவரமோ படமோ வேண்டாம். ஆண்டு முடிவில் இன்னொரு கடிதம். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் அதை அப்படியே எழுதுங்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் இடம்பெறும் பக்கத்தை அச்சிட்டு, தபாலில் அனுப்பிவையுங்கள்.