வாங்கும் முன்… கேள்வி-பதில்: சவுண்ட்பாரும் சீலிங் ஸ்பீக்கரும்

புது ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டவர்களே நான்கு ஸ்பீக்கரையும் பதித்துக் கொடுத்தார்கள். வயர்கள் டிவிக்குப் பின்னால் தொங்குகின்றன. 35,000 ரூபாய்க்கு சவுண்ட்பார் வாங்கினேன். 'சீலிங் ஸ்பீக்கரையும் இதுலயே கொடுத்துக்கலாம் சார்' என்றார் கடைக்காரர். பின்பக்கம் வயர் சொருக இடமே இல்லையே? (வாசகர், கோவை)

இருக்காது. பாருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதன் சொந்த ஸ்பீக்கர்களுக்கு மட்டும்தான். உங்கள் வீட்டுக் கூரையில் இருப்பவை, வெளியிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் ஓட்டினால்தான் பாடும். இரண்டையும் சேர்க்க வழி வைத்திருப்பவர்கள் குறைவு. சோனோஸ் நிறுவனம் அதில் ஒன்று: அவர்களுடைய ஆர்க் அல்லது பீம் பாருடன் 'ஆம்ப்' என்ற பெட்டியைச் சேர்த்தால், சீலிங் ஸ்பீக்கர் ஒரு ஜோடி பின்பக்க சரவுண்டாக வேலை செய்யும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி முறைதான் அட்மாஸ்; அந்த மேல்சத்தம் அப்போதும் அதில் வராது. அந்தப் பெட்டி மட்டுமே உங்கள் பாரைவிட விலை அதிகம்.

சினிமாவுக்கு பாரைத் தனியாக விடுங்கள். புளூடூத் உள்ள சின்ன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி, சீலிங் ஸ்பீக்கர்களைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் இணையாகக் கொடுத்தால் மின்தடை 4 ஓமாகக் குறைந்து ஆம்ப் மேல் சுமை கூடும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். முழு ஹோம் தியேட்டர்தான் வேண்டும் என்றால் ஏவி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி), முன்னால் மூன்று ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். அங்கே பாருக்கு வேலை இல்லை.

முதலில் கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது சட்டப்படி நேர்மையற்ற வணிகம். அவர் அப்படிச் சொன்னது வாட்ஸ்ஆப்பில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

எச்டிஎம்ஐயில் சவுண்ட்பார், ஆப்டிகலில் ஆம்ப் வழியாக சீலிங் ஸ்பீக்கர். இரண்டும் ஓடினால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் எதிரொலிக்கிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது? (மதுரை)

இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

பெட்டியில் 'டால்பி அட்மாஸ்' என்று போட்டிருந்தது. விலை 6,000 ரூபாய். மேலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. (சேலம்)

அந்த எழுத்துக்கு, அட்மாஸ் சிக்னல் வந்தால் இந்த பார் புரிந்துகொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். மேலே சத்தம் அனுப்ப மேல்நோக்கிய ஸ்பீக்கர் வேண்டும். 3.1.2 என்று போட்டிருந்தால் கடைசி எண்தான் அந்த ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. உங்களுடையது 2.0. மூன்றாவது எண்ணே இல்லை. அப்படி ஸ்பீக்கர் இருந்தாலும், மேலே தட்டையான கூரை வேண்டும், உயரம் 14 அடிக்கு மேல் போகக்கூடாது. ஓட்டு வீட்டில் சத்தம் எங்கோ சிதறிப்போகும்.

இதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டுவது வாட்ஸ். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் '3000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு 5.1 செட்டை ஆட்டோவில் ஏற்றி வந்தவன் நான். பின்னால் இருந்த தகட்டில் மின்செலவு 60 வாட் என்று அச்சடித்திருந்தது. சுவரிலிருந்து 60 வாட் இழுக்கும் பெட்டி 3000 வாட்டை எங்கிருந்து கொண்டுவரும்? கண நேர உச்ச சக்தி என்று சொல்லப்படும் பிஎம்பிஓவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறையே கிடையாது. விற்பவர் வாய்க்கு வந்ததுதான் எண். ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் நீங்கள் கடையை மாற்றுங்கள். அந்தச் செட்டின் சப்வூஃபர் இன்று எங்கள் வீட்டில் பூந்தொட்டி வைக்கும் மேடை.

ஒப்பந்ததாரர் 'ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்' என்று கொட்டேஷனில் எழுதி ஆறு பொருத்தினார். 62,000 ரூபாய். சத்தம் முனகலாக வருகிறது. அவர் போனை எடுப்பதில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

அம்மா, ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். '100 வோல்ட் லைன்', 3 வாட், 6 வாட் என்று இருந்தால், அவை கடைகளிலும் மண்டபங்களிலும் அறிவிப்புக்குப் போடுபவை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் முனகத்தான் செய்யும். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அதை அறிவது அவர் வேலை.

போட்டோ எடுங்கள். கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரத்துடன் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் வேண்டாமென்று சொல்லி சவுண்ட்பார் வாங்கினேன். சப்வூஃபர் ஊமையாகிவிட்டது. வாரண்டி கிடைக்குமா? (சென்னை)

எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பில் தராமல் விற்றது அவர் தப்பு. கேட்டு வாங்கியவர் நீங்கள். மிச்சம் பிடித்த 18 சதவீதத்தில் ரிப்பேர் பாருங்கள்.

வசனம் தெளிவாகக் கேட்க, சென்டர் ஸ்பீக்கரையும் சீலிங்கிலேயே பதித்துவிடலாமா? (திருச்சி)

வேண்டாம். ஹீரோ திரையில் பேசுவார், குரல் ஃபேன் பக்கமிருந்து வரும்.